கீழ்க்குறி ஏன் விலகி நிற்கிறது?

திருச்சி காந்தி மார்க்கெட்டில் வெங்காயம் நிறுக்கும் தராசுக்கு அரசு முத்திரை வேண்டும். எந்த மண்டியில் நிறுத்தாலும் கிலோ ஒரே கிலோவாக இருக்க வேண்டும் என்பதற்குத்தான் 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம். அதே ஊரில் அச்சாகும் கணித வினாத்தாளுக்கு அப்படியொரு பொது அளவு இல்லை. ஒரே எழுத்துரு, ஒரே சமன்பாடு. மென்பொருளைப் பொறுத்து வேர்டில் ஒரு இடைவெளி, ஸீடெக்கில் ஒன்று, லுவாடெக்கில் வேறொன்று என்று வரலாம்.

சாய்ந்த எஃப் எழுத்தைப் பாருங்கள். தலை வலப்பக்கம் வளைந்து நீள்கிறது, அடிப்பகுதி இடப்பக்கம் ஒதுங்குகிறது. எழுத்தின் மேலே வரும் அடுக்கு அந்த வளைவுக்கு அப்பால் நிற்க வேண்டும்; அடியில் வரும் கீழ்க்குறி உள்ளே ஒட்டி வர வேண்டும். 1978இல் டொனால்டு நூத் வெளியிட்ட டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருள், இந்தத் தலை நீட்சியை எழுத்தின் அகலத்தில் சேர்க்காமல் ‘சாய்வுத் திருத்தம்’ என்று தனி எண்ணாக வைத்துக்கொண்டது. 2007 ஆபீசோடு கேம்பிரியா மேத் எழுத்துருவை மைக்ரோசாப்ட் கொண்டுவந்தபோது, கணித அளவுகளை எழுத்துருவுக்குள்ளேயே ஒரு அட்டவணையாகப் பதித்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அடுக்கும் கீழ்க்குறியும் சாய்வுத் திருத்தத்தின் அளவுக்கு விலகியிருக்க வேண்டும் என்பதோடு அதன் வரையறை நின்றுவிடுகிறது. அடுக்கை வலப்பக்கம் தள்ளுவதா, கீழ்க்குறியை இடப்பக்கம் இழுப்பதா? பழைய வழக்கப்படி அளவெடுத்த எழுத்துருக்களும் புதிய அட்டவணைக்குள் புகுந்ததில் குழப்பம் கூடியது.

ஆங்கிலத்தில் எழுதுபவர் பழைய டெக்கிலேயே தங்கிவிடலாம். தமிழில் எழுதுபவருக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. ‘கொ’ என்று அடித்தால் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் போய் நிற்க வேண்டும். யூனிகோடு தமிழை அப்படிக் கோர்க்க, டெக்கின் பிந்தைய வடிவங்களான ஸீடெக்கோ லுவாடெக்கோ வேண்டும். இடைவெளித் தகராறு நடப்பதும் அங்கேதான். ஆகவே இது மேலைநாட்டு எழுத்துரு நிபுணர்களின் சண்டை என்று நாம் ஒதுங்க முடியாது.

அவசரத்தில் பலரும் செய்வது, தப்பாகத் தெரியும் இடத்தில் கையால் இடைவெளியைக் கூட்டிக் குறைப்பது. இதைக் கைவிட வேண்டும். எழுத்துரு மாறினாலோ மென்பொருள் புதுப்பிக்கப்பட்டாலோ அத்தனை ஒட்டுகளும் புதுப் பிழைகளாகும். எஃபை விட்டு விலகிய கீழ்க்குறி 1, மாணவர் கண்ணுக்குத் தனி எண்ணாகவே தெரியும். தேர்வு அறையில் அது மதிப்பெண்ணைத் தின்றுவிடும்.

திருத்தம் எழுத்துரு மட்டத்தில் நடக்க வேண்டும். டெக் வழிவந்த கான்டெக்ஸ்ட் மென்பொருளின் குழுவினர் கணித எழுத்துருக்களுக்குத் திருத்தக் கோப்பு வைத்து, எழுத்துருவை ஏற்றும்போதே அளவுகளைச் சரிசெய்கிறார்கள். அச்சகத்துக்கு வேர்டு கோப்பை அனுப்பாமல், எழுத்துருக்கள் பதிந்த பிடிஎஃப் மட்டும் அனுப்புவது அடுத்த கட்டாயம்.

தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் ஒரு பக்கச் சோதனைத் தாள் வெளியிடலாம். எல்லைகளோடு தொகையீட்டுக் குறி, அடுக்கும் கீழ்க்குறியும் சேர்ந்த எஃப், கீழ்க்குறியோடு பெரிய வி, நடுவே இரண்டு வரி தமிழ். மென்பொருளையோ எழுத்துருவையோ மாற்றும் டிடிபிக்காரர் முதலில் அந்தப் பக்கத்தை அச்சிட்டு ஒப்பிட்டுக்கொள்வார்.