மரத்திற்குக் காட்டும் பரிவு மனிதனுக்கு இல்லையா?

பொறியின் உறுப்புகள் உராய்ந்து தேயாதிருக்க மசகெண்ணெய் இன்றியமையாதது. பெட்ரோலியத்திலிருந்து எடுப்பதே பெருவழக்கு. எனினும், மண்ணிலும் நீரிலும் சிந்தினால் விரைவில் மக்கிவிடும் மசகெண்ணெய்க்குத் தாவர எண்ணெயின் கொழுப்பு அமிலங்கள் மூலப்பொருளாகின்றன. மலேசியச் செம்பனை அவ்வமிலங்களைத் தரவல்லது.

இச்செம்பனைக்கு ஐரோப்பிய ஒன்றியம் வேலிகள் இட்டுள்ளது. மசகெண்ணெய் தன் சூழல் முத்திரையைப் பெற வேண்டுமாயின், அதிலுள்ள செம்பனைக் கூறு முழுவதும் நிலைத்த வளர்ச்சிச் சான்று பெற்றிருத்தல் வேண்டுமென 2018இல் விதித்தது. 2023ஆம் ஆண்டுச் சட்டமோ, 2020 டிசம்பர் 31க்குப் பின் காடழித்த நிலத்தில் விளைந்த செம்பனையெண்ணெயையும், அதிலிருந்து பெறும் கொழுப்பு அமிலங்கள் பலவற்றையும் தடுக்கிறது; விளைந்த நிலத்தின் இருப்பிடக் குறிப்பையும் கேட்கிறது. அது நடைமுறைக்கு வரும் நாள் இருமுறை தள்ளிவைக்கப்பட்டது.

"இது புதிய காலனித்துவம், சிறுதோட்டக்காரர் அழிவர்" என்று இங்கே முழக்கம் எழுகிறது. தமிழருள் சிலரும் அதனை எதிரொலிக்கின்றனர். யாருடைய சிறுதோட்டம்? 1956இல் தொடங்கிய பெல்டா நிலத்திட்டங்களில் குடியேறியோருள் மிகப் பெரும்பாலோர் மலாய்க்காரர். அவர்தம் கவலை மெய்யானதே. ஆனால், மூன்று தலைமுறை உழைத்தும் ஒரு காணி நிலம் பெறாத தோட்டத் தமிழன் அக்கணக்கில் எங்கே இருக்கிறான்?

ஐரோப்பாவைப் போற்றுவோரும் சற்றே நின்று எண்ணுதல் வேண்டும். மலாயாவில் வணிக நோக்குடன் முதன்முதல் செம்பனை பயிரிட்டது 1917இல், சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில். பயிரிட்டவர் ஆன்ரி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். ஐரோப்பிய முதலாளிகள் தமிழர் கையால் காடு வெட்டி எழுப்பிய பழந்தோட்டங்கள், 2020க்கு முந்தியவை என்ற ஒன்றினாலேயே காடழிப்புத் தடையினின்று தப்புகின்றன. தான் அழித்ததை மன்னித்து, பிறர் அழிப்பதைத் தண்டிக்கும் நாளன்றோ அந்நாள்!

தொழிலாளர் உரிமையையும் அச்சட்டம் பேசுகிறது. ஆனால், அது பெரும்பாலும் விளைவிக்கும் நாட்டின் சட்டத்தையே அளவுகோலாகக் கொள்கிறது. இந்நாட்டின் 1990ஆம் ஆண்டுச் சட்டம் தோட்ட வீட்டிற்குக் குறைந்தபட்சத் தரம் வகுத்தது. அவ்வீட்டைத் தொழிலாளியின் உடைமையாக்கவில்லை. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் நகரியங்களானபோது லயங்கள் தரைமட்டமாயின. அவற்றில் வாழ்ந்தோர் அடுக்குமாடிகளிலும் புறம்போக்குகளிலும் சிதறினர். இன்று தோட்டங்களில் உழைப்போருள் பெரும்பாலோர் அயல்நாட்டார். அவர்களுக்கும் நாளை இதே கதிதான்.

வீழ்ந்த மரத்தை விண்ணிலிருந்து துணைக்கோள் காட்டிவிடும். வீழ்ந்த லயத்தை எந்தக் கோள் காட்டும்?

ஆதலின், முதலாளியின் முழக்கத்திற்குத் தாளம் போடுவதும் ஐரோப்பாவின் கருணைக்குக் கைகூப்புவதும் தமிழருக்கு வேண்டா. காடு காக்கப்பட வேண்டும். அதனோடு உழைத்தவனின் கூரையும் காக்கப்பட வேண்டும். அதற்கான சட்டம் புருசல்சில் அன்று, கோலாலம்பூரில் பிறத்தல் வேண்டும்.

தமிழாசிரியர்க்கும் இதில் கடமை உண்டு. நம் தமிழ்ப்பள்ளிகளுட் பல தோட்டத்தில் பிறந்தவை. அத்தோட்டங்களின் பெயர், லயங்களின் எண்ணிக்கை, அவை இடிக்கப்பட்ட ஆண்டு ஆகியவற்றை முதியோரிடம் கேட்டு மாணவர் எழுதட்டும். நிலத்திற்குக் குறிப்பு கேட்கும் உலகின்முன், அந்நிலத்தைத் திருத்தியவர்க்கும் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். எழுதப்படாத உரிமையை எந்த மன்றமும் கேளாது.