அழுகையைக் கோபம் என்று எண்ணும் கணினி

சீனாவின் வூகானில் விநோதமான தொற்று பரவுகிறது என்று சக மருத்துவர்களை எச்சரித்ததற்காக மருத்துவர் லீ வென்லியாங்கைப் போலீசார் கூப்பிட்டுக் கண்டித்து, கையெழுத்தும் வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். அந்தக் கொரோனா தொற்றுக்கே அவர் 2020 பிப்ரவரி 7 அன்று பலியானார். தனக்குத் தொற்று உறுதியானதைச் சொல்லி வெய்போ தளத்தில் அவர் இட்ட கடைசிப் பதிவின் கீழே பத்து லட்சத்துக்கும் மேல் பின்னூட்டங்கள் சேர்ந்துவிட்டன. எல்லாம் இரங்கல் அல்ல. காலை வணக்கம் சொல்கிறார்கள், வேலை போன கவலையைக் கொட்டுகிறார்கள், அவருக்குப் பிடித்த கோழி வறுவலைப் பற்றி எழுதுகிறார்கள்.

ஆய்வாளர்கள் இதை விடுவார்களா? முன்பெல்லாம் துக்கத்தை ஆராய்வதென்றால், சாவு நடந்து மாதக்கணக்கில் கழித்துக் கேள்வித்தாளோடு போய் நிற்க வேண்டும். இப்போது துக்கம் எழுகிற நேரத்திலேயே எழுத்தாகக் கிடைக்கிறது. மைஸ்பேஸ் என்ற சமூக ஊடகத்தின் காலத்திலேயே, இறந்துபோன ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பக்கங்களில் இருந்த சுமார் இரண்டு லட்சம் பின்னூட்டங்களை ஆய்வாளர்கள் ஜெட் புரூபேக்கரும் கில்லியன் ஹேயஸும் ஆராய்ந்து 2011இல் வெளியிட்டார்கள். உயிரோடு இருப்பவரிடம் பேசுவதுபோலவே பலரும் எழுதியிருந்தார்கள்.

ஆராய்வதில் தப்பில்லை. தப்பு, எண்ணிக்கையோடு நின்றுவிடுவதில். சொற்களை நல்லது, கெட்டது என்று பிரித்துக் கூட்டிக் கழிக்கும் மென்பொருளிடம் நம் ஊர் ஒப்பாரியைக் கொடுத்தால் என்ன சொல்லும்? "நடுத்தெருவில் விட்டுட்டுப் போயிட்டியே பாவி" என்பதைப் பகை என்றுதான் குறித்துக்கொள்ளும்.

துக்கத்தைப் பகை என்று தப்பாகப் படிப்பது சிகாகோவில் விளையாட்டல்ல. கும்பல் மோதல்களில் பெயர் அடிபட்ட 17 வயதுப் பெண் ஒருத்தி 2014 ஏப்ரலில் சுட்டுக் கொல்லப்பட்டாள். அதற்கு இரண்டு வாரம் முன்புதான் அவளுடைய நண்பன் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியாகியிருந்தான். அவளும் அவளைச் சுற்றியிருந்தவர்களும் எழுதிய ட்விட்டர் பதிவுகளை, அப்போது கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சமூகப்பணிப் பேராசிரியராக இருந்த டெஸ்மண்ட் பேட்டனின் குழு ஆராய்ந்தது. முதலில் புலம்பல், இரண்டொரு நாளில் ஆத்திரம். 2018இல் வெளியான அவர்களின் கட்டுரை சொன்னது இதைத்தான். அந்த இடைவெளியில் ஒரு பெரியவரோ சமூகப்பணியாளரோ போய்ப் பேசினால், அடுத்த சாவைத் தடுக்க வழி உண்டு.

இந்த முடிவு கணினியால் மட்டும் வந்ததல்ல. சிகாகோ இளைஞர்களையே பேட்டன் வேலைக்கு வைத்துப் பதிவுகளைப் படிக்கச் சொன்னார். சமூகப்பணி படித்த மாணவர்கள் மிரட்டல் என்று முத்திரை குத்திய ஒரு வரியை, அது உள்ளூர் ராப் பாடகர் ஒருவரின் பாட்டு வரி என்று ஓர் இளைஞர் அடையாளம் காட்டினார்.

அதே வரி போலீஸ் கையில் கிடைத்திருந்தால்? ஜியோஃபீடியா என்ற நிறுவனம் சமூக ஊடகப் பதிவுகளைத் திரட்டி அமெரிக்கப் போலீஸ் துறைகளுக்கு விற்றதை 2016இல் ஏசிஎல்யூ என்ற குடிமக்கள் உரிமை அமைப்பு கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான், ஃபேஸ்புக்கும் ட்விட்டரும் அதற்குத் தரவு கொடுப்பதை நிறுத்தின. பதிவு எல்லோர் கண்ணிலும் படுகிறது என்பதால் எல்லோருக்கும் எழுதப்பட்டது ஆகிவிடாது. அதனால்தான் பதிவுகளை அப்படியே மேற்கோள் காட்டாமல், தேடினால் அகப்படாதபடி மாற்றி அச்சிட்டது பேட்டன் குழு. மற்றவர்களுக்கும் இதைக் கட்டாயமாக்க வேண்டும்.

ஆய்வாளர்கள் பயன்படுத்திவந்த இலவசத் தரவு வழியை 2023இல் ட்விட்டர் அடைத்துவிட்டது. இனி காசுள்ளவர்களுக்கே தரவு. பல்கலைக்கழகங்கள் அதற்குப் பணம் ஒதுக்கும்போது, பதிவுகளைப் படித்துச் சொல்லும் உள்ளூர்க்காரர்களின் சம்பளத்தையும் அதே பட்ஜெட்டில் சேர்க்கட்டும்.