கேப்போவும் சபையின் தொண்டையும்



நம் பாடகர் குழுவில் சில வாரங்களாக ஒரு வழக்கு நடந்துவருவதை நீங்கள் அறிவீர்கள். கிட்டாரின் கழுத்தில் மாட்டுகிற கேப்போ என்னும் சிறு இடுக்கியைப் பற்றிய வழக்கு அது. கேப்போ மாட்டுகிறவன் கிட்டார் கற்றவனே அல்லன் என்கிறார்கள் ஒரு சாரார். மறு சாராருக்குள்ளும் ஒற்றுமை இல்லை. சுருள்வில் கேப்போதான் சிறந்தது என்பார் ஒருவர். திருகு வைத்த கேப்போதான் சுருதி கெடாது என்பார் இன்னொருவர். மேற்புறமிருந்து மாட்டுவதா, கீழ்ப்புறமிருந்து மாட்டுவதா என்பதிலும் கட்சி உண்டு.

கேட்டுச் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் இந்த வழக்கினால் ஓர் இளைஞர் மூன்று வாரமாகக் கிட்டாரைத் தொடாமல் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார். வாரத்தில் ஆறு நாள் கத்தரி பிடித்துத் தேயிலை வெட்டுகிற கை அவருடையது. சுட்டுவிரலால் ஆறு தந்தியையும் ஒருசேர அழுத்தும் பார் கார்டை, மழைக்காலக் குளிரில், ஒரு முழு ஆராதனைக்கும் பிடி என்று அந்தக் கையிடம் கேட்பது இரக்கமற்ற செயல். அதனால் இன்று சற்றுக் கடுமையாகவே எழுதுகிறேன்.

கேப்போ என்ன செய்கிறது? வீணையில் நாம் மெட்டு என்பதைக் கிட்டாரில் ஃப்ரெட் என்பார்கள். ஒரு ஃப்ரெட் ஏறினால் சுருதி அரைச் சுரம் உயரும். பன்னிரண்டு ஏறினால் மேல் ஸ்தாயி. கேப்போ எல்லாத் தந்திகளையும் ஒரே ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்து, கிட்டாரின் சுருதியை வேண்டிய கட்டைக்கு உயர்த்துகிறது. வாசிப்பவர் தமக்குப் பழகிய கார்டு வடிவங்களையே பிடிக்கலாம். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? நம் கீபோர்டு வாசிப்பவர் ஒரு பொத்தானை அழுத்திக் கட்டையை மாற்றுகிறார். அவரை ஒருவரும் கல்லாதவர் என்று ஏசியதில்லை. கட்டை மாற்றும் வசதியுள்ள ஆர்மோனியத்தைப் பெருமையோடு வாங்குகிறோம். கிட்டாருக்கு மட்டும் ஏன் வேறு நியாயப்பிரமாணம்?

ஸ்பெயின் தேசத்துப் ஃபிளமெங்கோ கலைஞர்களைப் பாருங்கள். விரல் வேகத்தில் அவர்களுக்கு நிகர் சொல்வது அரிது. பாடகரின் குரலுக்கு ஏற்பக் கேப்போவை நகர்த்தி வாசிப்பது அவர்களிடையே நெடுங்கால வழக்கம். அவர்கள் அதை ‘செஹீயா’ என்பார்கள்.

நம்மவர் ஒருவரையும் சொல்ல வேண்டும். தஞ்சையில் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர், சித்த மருத்துவர், நம்மைப் போன்ற கிறிஸ்தவர், 1917-ல் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலை வெளியிட்டார். ஒரு ஸ்தாயிக்குள் சுருதிகள் எத்தனை என்ற கேள்விக்காக இசை மாநாடுகளைத் தம் செலவில் கூட்டினார். 1916-ல் பரோடா மாநாட்டுக்கும் சென்று வாதிட்டார். இசையில் வழக்காடுவது பாவமன்று. அவர் வழக்காடியது தமிழிசையின் அடித்தளத்துக்காக. நாம் வழக்காடுவது இடுக்கியின் சுருள்வில்லுக்காக!

மாட்டும் முறையில் பொருட்படுத்த வேண்டியது சிறிதளவு உண்டு, மறுக்கவில்லை. ஃப்ரெட்டின் மேலேயே மாட்டினால் ஒலி மழுங்கும். மிகவும் பின்தள்ளியோ, மிக இறுக்கியோ மாட்டினால் தந்தி இழுபட்டுச் சுருதி ஏறிவிடும். ஃப்ரெட்டை ஒட்டி, அதன் பின்னால், போதுமான அழுத்தத்தோடு மாட்டி, பின்பு ஒருமுறை சுருதி சேர்த்துக்கொண்டால் போதும். சுருள்வில் விரைவில் மாறும். திருகு அழுத்தத்தை அளந்து தரும். எஞ்சியதெல்லாம் அவரவர் விருப்பம். தேவன் கட்டளையிடாமலும் விலக்காமலும் விட்ட காரியங்களைச் சபையின் பழைய ஆசிரியர்கள் ‘அடியாஃபொரா’ என்றார்கள். ரோமர் 14-ஆம் அதிகாரத்தில் பவுல், போஜனத்தினிமித்தம் சகோதரனை அற்பமாய் எண்ணுகிறவர்களைக் கண்டிக்கிறார். கேப்போவினிமித்தம் எண்ணுகிறவர்கள் அந்த அதிகாரத்தை முழங்காலில் நின்று வாசிக்கட்டும்.

ஆனால் என் பெரிய முறைப்பாடு இது அல்ல. கேப்போவை எந்த ஃப்ரெட்டில் மாட்டுவது என்பதை இப்பொழுது யார் தீர்மானிக்கிறார்? ஒலிப்பதிவில் பாடியவருடைய தொண்டையோ, முன்னின்று பாடுகிறவருடைய தொண்டையோ தீர்மானிக்கிறது. கச்சேரியில் ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டையை ஒட்டியும், பெண்கள் ஐந்து கட்டையை ஒட்டியும் பாடுவது ஏன்? குரலுக்குத் தக்கதே சுருதி என்பதால். சபையோ ஆணும் பெண்ணும் முதியோரும் பிள்ளைகளும் கூடிய ஒரே குரல். அனுபல்லவியில் பாடல் மேல் சட்ஜத்தைத் தொடும்போது நான் பீடத்திலிருந்து காண்பதைச் சொல்கிறேன்: பெண்கள் பக்கத்தின் கடைசி நான்கு வரிசைகளில் வாய்கள் மூடிக்கொள்கின்றன. நாற்பது ஆண்டுகள் எஸ்டேட் லயத்தில் மாலை ஜெபத்தில் பாடிப் பாடிக் கீர்த்தனைகளை மனப்பாடமாக வைத்திருக்கிற தாய்மார்கள் அவர்கள். பாடல் புத்தகமே அவர்களுக்குத் தேவையில்லை. அவர்களுடைய பாடலை அவர்களிடமிருந்தே நாம் பறித்துக்கொண்டிருக்கிறோம்.

1524-ல் லுத்தரின் இயக்கத்தார் எட்டே பாடல்கள் கொண்ட சிறு புத்தகத்தை அச்சிட்டார்கள். பாடகர் குழுவின் வாயிலிருந்த பாடலைச் சபையின் வாய்க்குக் கொண்டுவருவதே அந்த இயக்கத்தின் நோக்கம். ஒலிபெருக்கியின் துணையோடு நாம் அதை மீண்டும் குழுவிடமே ஒப்படைக்கிறோம். 1 நாளாகமம் 15-ஆம் அதிகாரத்தில், உடன்படிக்கைப் பெட்டியைக் கொண்டுவரும்போது, சிலர் அலமோத்திலும் சிலர் செமினீத்திலும் வாசிக்க ஏற்படுத்தப்பட்டார்கள். முன்னது உயர்ந்த சுருதி, பின்னது தாழ்ந்த சுருதி என்று வேத அறிஞர் பலர் கருதுகின்றனர். அப்படியானால் தாவீதின் ஆராதனையில் சுருதியும் ஒழுங்கு செய்யப்பட்ட காரியமே.

கட்டையை இறக்கினால் பாடலின் எழுச்சி போய்விடும் என்று ஒருவர் என்னிடம் வாதிட்டார். இருநூறு பேர் பாடாமல் நிற்பதா எழுச்சி?

கேப்போ சுருதியை ஏற்றவே செய்யும். இறக்குவதற்குக் கார்டு வடிவத்தை மாற்ற வேண்டும் என்பது உண்மைதான். அது கடினமன்று. ஜி-யில் ஐந்து கட்டையாக வாசித்த பாடலை, டி வடிவத்தில் பிடித்து இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ மாட்டினால் மூன்று கட்டைக்கு வந்துவிடும். இதை எனக்குப் பொறுமையாகக் காட்டித் தந்தவர் அந்தப் பின்வரிசை இளைஞரே.

வருகிற சனிக்கிழமை மாலைப் பயிற்சிக்குப் பெண்கள் ஐக்கியத்திலிருந்து மூன்று தாய்மார்களை அழைத்திருக்கிறேன். கருவி எதுவும் இல்லாமல் அவர்கள் முதலில் பாடுவார்கள். அவர்கள் எடுக்கும் சுருதியைக் குழுவினர் குறித்துக்கொண்டு, அதற்கேற்ற ஃப்ரெட்டைப் பாடல் தாளின் ஓரத்தில் எழுதுவார்கள். ஞாயிறு ஆராதனையில் அந்தத் தாளின்படியே வாசிக்கப்படும். பார் கார்டு பிடிக்க வல்லவர்கள் பிடிக்கலாம். அல்லாதார் கேப்போ மாட்டலாம். கிட்டார் ஒன்று சும்மா இருக்கிறது. தம்பி, அதை எடுத்துக்கொண்டு முன்வரிசைக்கு வாருங்கள்.