மாநில அணி வீராங்கனைகளுக்கு ஆண்டு ஒப்பந்தம் கோரும் மனு

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம், மும்பை.

பொருள்: உள்நாட்டு வீராங்கனைகளுக்கு நிலையான ஆண்டு ஊதியம் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

2025 நவம்பர் 2 அன்று நம் மகளிர் அணி உலகக் கோப்பையை வென்றதும் ரூ.51 கோடி பரிசு அறிவித்தீர்கள். அடுத்த மாதமே உள்நாட்டு ஆட்ட ஊதியத்தையும் உயர்த்தினீர்கள். ரூ.20,000 ஆக இருந்த ஒருநாள் ஆட்ட ஊதியம் ரூ.50,000 ஆனது, டி20க்கு ரூ.25,000. இதற்கு எங்கள் சங்கம் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறது.

ஆனாலும் இது ஆடினால்தான் வரும் பணம். ஓர் அணி ஒருநாள் தொடரில் ஏழு, டி20 தொடரில் ஏழு ஆட்டங்களோடு வெளியேறினால், அத்தனையிலும் களமிறங்கியவருக்கு ஆண்டு முழுவதற்கும் ரூ.5.25 லட்சம். மாற்று வீராங்கனைக்கு அதில் பாதி. முழங்கால் தசைநார் கிழிந்து பருவம் முழுக்க ஆட முடியாதவருக்கு ஒன்றுமில்லை. பயிற்சி, மட்டை, காலணி, சத்துணவு என்று செலவு மட்டும் பன்னிரண்டு மாதமும் உண்டு. ரயில்வேயில் வேலை கிடைத்தவர்களுக்கு மாதச் சம்பளம் இருக்கிறது. உள்நாட்டுக் கோப்பைகளை ரயில்வே அணியே ஆண்டுக்கணக்கில் அள்ளிச் சென்றது ஏன் என்று வாரியத்துக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

மகளிர் பிரீமியர் லீக் இருக்கிறதே என்பார்கள். ஐந்து அணிகள் ரூ.4,669.99 கோடிக்கு விற்றதும், ஐந்தாண்டு ஒளிபரப்பு உரிமை ரூ.951 கோடிக்குப் போனதும் எங்களுக்கும் பெருமைதான். ஆனால் அணிக்கு அதிகபட்சம் 18 பேர், அதில் ஆறு பேர் வெளிநாட்டவர். மிஞ்சுவது நாடு முழுமைக்கும் 60 இடங்களே.

எனவே, ஒவ்வொரு மாநில அணியிலும் 15 பேருக்கு ஆட்ட ஊதியம் போக ஆண்டுக்கு ரூ.4 லட்சம் ஒப்பந்தத் தொகை வழங்க வேண்டுகிறோம். 38 அணிகள் என்று கணக்கிட்டாலும் ரூ.22.8 கோடிதான் ஆகும். உலகக் கோப்பைப் பரிசில் பாதிகூட இல்லை. கொரோனா நெருக்கடிக்கு நடுவிலும் இங்கிலாந்து வாரியம் 2020இல் 41 உள்நாட்டு வீராங்கனைகளுக்கு முழுநேர ஒப்பந்தம் கொடுத்தது.

மகளிர் பிரீமியர் லீக்கின் இப்போதைய ஒளிபரப்பு ஒப்பந்தம் 2027உடன் முடிகிறது. அடுத்த ஏலத்துக்கு முன்பே, வரும் தொகையில் குறிப்பிட்ட விழுக்காடு வீராங்கனைகளின் ஆண்டு ஒப்பந்தத்துக்கென்று விதியில் எழுதப்பட வேண்டும். வெற்றிக்குத் தரும் பரிசை நம்பி யாரும் குடும்பம் நடத்த முடியாது.

காயத்தாலோ மகப்பேற்றாலோ ஆட முடியாத காலத்திலும் ஒப்பந்தம் தொடர வேண்டும். பாகிஸ்தான் வாரியம் 2021இல் 12 மாதம் சம்பளத்துடன் மகப்பேறு விடுப்பு அறிவித்தது. அந்நாட்டு வீராங்கனை பிஸ்மா மாரூஃப் கைக்குழந்தையுடன் வந்து 2022 உலகக் கோப்பையில் அணிக்குத் தலைமை தாங்கினார். ஆட்ட ஊதியமும் தொடர் முடிந்த 30 நாட்களுக்குள் வங்கிக் கணக்கில் சேர வேண்டும்.

வாரியத்தின் அடுத்த பொதுக்குழு நிகழ்ச்சி நிரலில் இம்மனுவைச் சேர்த்து, அதற்கு முன் எங்கள் பிரதிநிதிகளை நேரில் அழைத்துப் பேசுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர்,
மாநில அணி வீராங்கனைகள் சங்கத்துக்காக.