சுபிக்ஷாவைக் கொன்றது கம்ப்யூட்டரா?

பெரிய கடை ஒன்று மூடப்பட்டால் போதும், "எல்லாம் ஆன்லைன் வந்ததால் வந்த வினை" என்று உடனே தீர்ப்பு சொல்லிவிடுகிறோம். டீக்கடை பெஞ்சிலும் இதே பேச்சுதான், படித்தவர்கள் கூடும் இடத்திலும் இதே பேச்சுதான். கம்ப்யூட்டர் பத்திரிகை படிக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இதைக் கேட்கும்போது உள்ளுக்குள் ஒரு சின்ன பெருமைகூட வருகிறது. நாம் பயன்படுத்தும் பெட்டிக்கு இவ்வளவு சக்தியா என்று! எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. தமிழ்நாட்டிலேயே நடந்த ஒரு கதையை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

நம் ஊர்களில் "டிபார்ட்மெண்டல் ஸ்டோர்" என்றால் வெளிநாட்டில் சொல்லும் மாடி மாடியான கடை அல்ல. அரிசி, பருப்பு, சோப்பு எல்லாவற்றையும் நாமே கூடையில் எடுத்துப் போட்டு, கம்ப்யூட்டர் பில் வாங்கி வரும் கடைக்குத்தான் அந்தப் பெயர். அந்த அர்த்தத்தில் ஒரு காலத்தில் தமிழ்நாட்டைக் கலக்கியது சுபிக்ஷா. 1997-ல் சென்னை திருவான்மியூரில் முதல் கடை. தொடங்கியவர் ஆர். சுப்பிரமணியன், சென்னை ஐ.ஐ.டி.யிலும் அகமதாபாத் ஐ.ஐ.எம்.மிலும் படித்தவர். 2000-ல் ஐ.சி.ஐ.சி.ஐ. வென்ச்சர் பங்கு வாங்கியது. 2006 வரை பெரும்பாலும் தமிழ்நாட்டுக்குள் மட்டும் இருந்த கடை, அதன் பிறகு இரண்டே ஆண்டுகளில் நாடு முழுவதும் சுமார் 1,600 கிளைகள் என்று பரவியது. 2008-ல் அசிம் பிரேம்ஜியின் முதலீட்டு நிறுவனம் 10 சதவீதப் பங்கை வாங்கியது. 2009 தொடக்கத்தில் எல்லாக் கடைகளும் மூடிக் கிடந்தன.

சென்னையில் தங்கை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கடைக்குள் நுழைந்திருக்கிறேன். ஏ.சி. கிடையாது. அலங்காரம் கிடையாது. மெயின் ரோட்டில் இல்லாமல் உள்தெருவில், வாடகை குறைவான இடத்தில் இருக்கும். மருந்துக்கு 10 சதவீதம் தள்ளுபடி. மளிகையில் எம்.ஆர்.பி.க்கும் பில் விலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டி, "இன்று நீங்கள் மிச்சப்படுத்திய தொகை" என்று காட்டும் பழக்கம் நம் ஊர்க் கடைகளில் பரவியது அந்தக் காலத்தில்தான். வீட்டுக்கு வந்து அந்த எண்ணைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

இந்த வியாபாரத்தின் சூட்சுமம் எளிது. கம்பெனிக்காரனுக்குக் கடன் சொல்லாமல் உடனே பணம் கொடுத்தால் அவன் கூடுதலாகக் குறைத்துத் தருவான். அந்தக் குறைப்பை வாடிக்கையாளருக்குக் கொடுத்தால் கூட்டம் வரும். கூட்டம் வந்தால் சரக்கு சீக்கிரம் விற்கும். சீக்கிரம் விற்றால் போட்ட பணம் திரும்பி வந்து மறுபடி சரக்காகும். 100 ரூபாய்க்கு 3 ரூபாய்தான் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்தில் இரண்டு முறை அந்த 100 ரூபாய் சுழன்றால் 6 ரூபாய். சுழற்சிதான் உயிர். சைக்கிள் மாதிரி, ஓடிக்கொண்டிருக்கும்வரை நிற்கும்.

இங்கேதான் சிக்கல். உதாரணத்துக்கு, ஒரு புதுக் கடையை நிரப்ப 10 லட்சம் ரூபாய் சரக்கு வேண்டும் என்று வைத்தால், 1,000 கடைக்கு 100 கோடி ரூபாய். இதோடு அட்வான்ஸ், ரேக், கம்ப்யூட்டர், ஆள் சம்பளம். விற்று வரும் லாபத்திலிருந்து இதை எடுக்க முடியாது. கடன்தான் வழி. அப்படி வாங்கிய வங்கிக் கடன் சுமார் 750 கோடி ரூபாய். 2008 செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் விழுந்தது. உலகம் முழுக்கப் பணப்புழக்கம் இறுகியது. புதிய பணம் வரவில்லை. பணம் வராததால் சரக்கு வரவில்லை. சரக்கு இல்லாத அலமாரியைப் பார்க்க யார் வருவார்கள்? ஊழியர்களுக்குச் சம்பளம் நின்றது, காவலுக்கு இருந்தவர்கள் போய்விட்டார்கள், சில இடங்களில் கடைகள் சூறையாடப்பட்டன. 2012-ல் நிறுவனத்தைக் கலைக்கச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

இதில் ஆன்லைன் எங்கே வந்தது? பிளிப்கார்ட் தொடங்கியதே 2007-ல், அதுவும் புத்தகம் விற்க. பிக்பாஸ்கெட் வந்தது 2011-ல். அமேசான் இந்தியாவுக்குள் கடை விரித்தது 2013-ல். சுபிக்ஷாவின் அலமாரி காலியானபோது இன்டர்நெட்டில் துவரம்பருப்பு வாங்கியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நம்மில் பலர் அப்போது பிராட்பேண்ட் இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம்.

சரி, கடையில் கம்ப்யூட்டர் இருந்ததே, அது ஏன் காப்பாற்றவில்லை என்று கேட்பீர்கள். கம்ப்யூட்டர் கடையில் என்ன செய்கிறது என்று கொஞ்சம் பார்க்கலாம். சோப்பு அட்டையைத் திருப்பினால் 890 என்று தொடங்கும் 13 இலக்க எண்ணோடு ஒரு பார்கோடு இருக்கும். 890 என்பது இந்தியாவில் பதிவு செய்த கம்பெனி என்பதற்கான அடையாளம். ஸ்கேனர் அந்த எண்ணைப் படித்ததும் சாப்ட்வேர் டேட்டாபேஸில் விலையைத் தேடி எடுத்து பில்லில் போடுகிறது, இருப்பில் ஒன்றைக் கழிக்கிறது. அவ்வளவுதான். எலி கடித்த பிஸ்கட் பாக்கெட்டை அது கழிக்காது. யாரோ பையில் போட்டுக்கொண்டு போனதையும் கழிக்காது. மூன்று வாசனையில் இருக்கும் சோப்பில் ஒன்றையே மூன்று முறை ஸ்கேன் செய்து பில் போட்டால் ஒரு கணக்கில் மூன்று குறையும், மற்ற இரண்டில் இல்லாத சரக்கு இருப்பதாகக் காட்டும். இருப்பு இருக்கிறதே என்று ஆர்டர் போகாது. அலமாரி காலி, ஸ்கிரீனில் மட்டும் சரக்கு! சில்லறை வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு இது தினசரித் தலைவலி. ஒரு கடையில் இதைச் சரிசெய்ய ஒருவர் நோட்டும் கையுமாக ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எண்ண வேண்டும். 1,600 கடையில்? அதையும் எண்ணிவிட்டார்கள் என்றே வையுங்கள், பணம் தீர்ந்துவிட்டது என்று சொல்லத்தான் கம்ப்யூட்டரால் முடியும். கொண்டுவந்து கொடுக்க முடியாது.

கம்ப்யூட்டர் இருந்தால் கடை பிழைக்கும் என்று இன்னும் நம்புகிறவர்கள் அமெரிக்காவின் சியர்ஸ் கதையைப் படிக்க வேண்டும். இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு அது சொந்தக்காரன் கதை மாதிரி. 1975-ல் அட்டாரி கம்பெனியின் பாங் விளையாட்டை வீட்டு டி.வி.யில் இணைத்து ஆடும் பெட்டியாக முதலில் விற்றது சியர்ஸ். 1981-ல் ஐ.பி.எம். பி.சி. வெளிவந்தபோது அது கிடைத்த கடைகளில் கம்ப்யூட்டர்லேண்டும் சியர்ஸின் பிஸினஸ் சென்டரும் இருந்தன. 1984-ல் ஐ.பி.எம்., சி.பி.எஸ். ஆகியவற்றோடு கூட்டுச் சேர்ந்து ஆரம்பித்த வேலைதான் பிறகு புராடிஜி என்ற ஆன்லைன் சேவையாக வந்தது. மோடத்தில் டயல் செய்து செய்தி படிக்கலாம், மெயில் அனுப்பலாம், பொருளும் வாங்கலாம். வெப் பிரபலமாவதற்கு முன்பே! கையில் கிரெடிட் கார்டு கம்பெனி இருந்தது, ஊர் ஊராகக் கிடங்கு இருந்தது, தபாலில் பொருள் அனுப்பி நூறாண்டு அனுபவம் இருந்தது. அப்படிப்பட்டவர்கள் 1993-ல் நஷ்டம் என்று சொல்லி தங்கள் பெரிய கேட்டலாக்கை நிறுத்தினார்கள். அமேசான் தொடங்கப்பட்டது அடுத்த ஆண்டு. 1996-ல் புராடிஜியையும் விற்றுவிட்டார்கள். 2018 அக்டோபரில் திவால் மனு. ஆயுதம் எல்லாம் வீட்டில் இருந்தது, அதை எதற்கு வைத்திருக்கிறோம் என்பதுதான் மறந்துபோயிற்று.

இந்தியாவில் பிக் பஜார் கதையும் நெடுங்கதை, சுருக்கிச் சொல்கிறேன். கிஷோர் பியானி 2001-ல் தொடங்கியது. தலைக்கு மேல் கடன். 2020-ல் ரிலையன்ஸுக்கு விற்க ஒப்பந்தம், தொகை 24,713 கோடி ரூபாய். குழுமத்தின் இன்னொரு கம்பெனியில் 2019-லேயே பணம் போட்டிருந்த அமேசான் வழக்குப் போட்டது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, கட்டட வாடகை ஒப்பந்தங்களைத் தன் பெயருக்கு மாற்றி வைத்திருந்த ரிலையன்ஸ் 2022 பிப்ரவரியில் பல கடைகளைத் தன் வசம் எடுத்தது. ஆன்லைன் கம்பெனி இதில் நிச்சயம் இருக்கிறது. ஆனால் மலிவு விலை வெப்சைட்டாக அல்ல, வழக்காடியாக!

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், சுசீந்திரத்தில் நான் மளிகை வாங்கும் கடை அண்ணாச்சிக்கு இப்போது இதே கேள்வி வந்திருக்கிறது. கோட்டாறிலிருந்து சரக்கு எடுத்து முப்பது வருடமாகக் கடை நடத்துகிறவர். பற்று நோட்டில் பாதித் தெருவின் கணக்கு இருக்கிறது. மகன் இன்ஜினீயரிங் முடித்தவன், கெட்டிக்காரன். "பில்லிங் சாப்ட்வேர் போடுவோம், ஆப் ஒன்று செய்வோம், லோன் வாங்கி தேரூரில் ஒன்று, வழுக்கம்பாறையில் ஒன்று கிளை திறப்போம். இப்பவே செய்யலேன்னா ஆன்லைன்காரன் நம்மை முழுங்கிருவான்" என்கிறான். "சாரே, நீங்க கம்ப்யூட்டர் தெரிஞ்சவரு, இவன் சொல்லது சரியா?" என்று அண்ணாச்சி என்னிடம் கேட்டார். வீட்டை அடமானம் வைத்து வாங்கப்போகும் கடன் அது.

நான் மகனிடம் சொன்னது: சாப்ட்வேர் வாங்கு, தப்பே இல்லை. ஒரு பழைய பி.சி., ஒரு ஸ்கேனர், ஒரு தெர்மல் பிரிண்டர், யு.பி.எஸ். போதும். நம் ஊர் கரண்டுக்கு யு.பி.எஸ். இல்லாமல் ஆரம்பிக்காதே. ராத்திரி கடை அடைக்கும்போது பென் டிரைவில் பேக்அப் எடு, அந்தப் பென் டிரைவை கடையில் வைக்காமல் வீட்டுக்கு எடுத்துப் போ. முதலில் அப்பாவின் பற்று நோட்டை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்று. வரவேண்டிய பாக்கி எவ்வளவு, எந்தச் சரக்கு எத்தனை நாளில் தீர்கிறது, எது தூசி படிந்து கிடக்கிறது என்று ஒரு வருடம் பார். மார்கழித் திருவிழா, ஓணம், பள்ளி திறக்கும் மாதம் எல்லாம் ஒரு சுற்று வந்துவிடும். அதற்குப் பிறகு கிளையைப் பற்றிப் பேசு. ஒரு கடையின் கணக்கே ஸ்கிரீனிலும் அலமாரியிலும் ஒன்றாக வரவில்லை என்றால் மூன்று கடை எதற்கு? அவனுக்கு முகம் சுருங்கியது. "ஒரு வருஷத்துல மார்க்கெட் போயிரும் சார்" என்றான். போகாது என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. வீடு போகாமல் இருக்கும் என்று மட்டும் சொல்ல முடியும்.

இன்னொரு விஷயத்தையும் அவனிடம் பேச வேண்டியிருந்தது. கடை மூடினால் ரேக்கை விற்கலாம், பிரிட்ஜை விற்கலாம். வாடிக்கையாளர் பட்டியலையும் விற்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. 1977-ல் டி.ஆர்.எஸ்-80 என்ற வீட்டுக் கம்ப்யூட்டரை விற்றுப் புகழ் பெற்ற ரேடியோஷாக் கடைகள் 2015-ல் திவாலானபோது, பல ஆண்டுகளாக பில் கவுன்டரில் கேட்டு வாங்கிய பெயர், முகவரி, மெயில் எல்லாம் சொத்துப் பட்டியலில் சேர்ந்து ஏலத்துக்கு வந்தன. டெக்சாஸ் உட்படப் பல மாநிலங்கள் எதிர்த்த பிறகு, கட்டுப்பாடுகளோடு ஒரு பகுதி மட்டும் கைமாறியது. கொடுத்தவர்கள் பேட்டரி வாங்கப் போனவர்கள். தங்கள் பெயர் ஏலம் போகும் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

நம்மிடமும் இப்போது சட்டம் இருக்கிறது, 2023-ல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டு மே மாதம், மொபைல் நம்பர் தராவிட்டால் பொருள் தரமாட்டேன் என்று கடைகள் வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் துறை அறிவுறுத்தியது. ஆனாலும் சென்ற மாதம் நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக் கடையில் துண்டு வாங்கிவிட்டு நம்பர் தரமாட்டேன் என்றேன். கவுன்டரில் இருந்த பெண், பாவம், "சார், பத்து நம்பர் போட்டாத்தான் அடுத்த ஸ்கிரீன் வரும்" என்றது. பின்னால் வரிசை நீள்கிறது. கடைசியில் பத்து ஒன்பதுகளைத் தட்டி பில் போட்டது. இதற்கு முன் எத்தனை பேர் அந்தப் பத்து ஒன்பதுகளாக இருந்தார்களோ!

அந்தப் பெண் மேல் குற்றமில்லை. பில்லிங் சாப்ட்வேர்களின் செட்டிங்ஸ் பகுதியில் வாடிக்கையாளர் நம்பர் கட்டாயம் என்ற இடத்தில் யாரோ ஒரு டிக் போட்டு வைத்திருப்பார்கள், எடுத்துவிட்டால் நம்பர் இல்லாமலே பில் வரும். அண்ணாச்சி மகன் எந்த சாப்ட்வேர் வாங்கினாலும், விற்க வருகிறவரை உட்கார வைத்து, அந்த டிக் எங்கே இருக்கிறது என்று முதலில் காட்டச் சொல்லியிருக்கிறேன்.