புகையை அளக்கிறீங்கள், கண்ணாடியை ஆர் அளக்கிறது?

“எங்கட கார், எங்கட கண்ணாடி, உங்களுக்கு ஏன் நோகுது?” காலி வீதியில் மறித்து டின்ட் ஸ்டிக்கரை உரிக்கச் சொன்ன கோபத்தில் ஒரு நண்பர் எங்கட வட்ஸ்அப் குழுவில் போட்ட கேள்வி இது. பாதிப்பேர் உடனே பெருவிரலைத் தூக்கிவிட்டார்கள். மற்றப் பாதி ஒன்றும் சொல்லவில்லை. அந்த மற்றப் பாதியில் இருந்துதான் இதை எழுதுகிறோம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ளுகிறோம். ஏப்ரல் மாதத்தில் மத்தியானம் ஒரு மணிக்கு வெள்ளவத்தைச் சந்தையடியில் இருபது நிமிடம் ட்ரபிக்கில் நின்றவனுக்கு நிழல் ஆசை வராமல் இருக்காது. பெட்டையள் தனியாக ஓடும்போது பக்கத்து பைக்கில் நிற்கிறவன் எட்டிப் பார்க்காமல் இருக்கவேணும் என்பதும் நியாயமான ஆசைதான். அதையெல்லாம் ‘ஸ்டைல்’ என்று நக்கலடிக்கிற வேலை எங்களுக்கு இல்லை.

ஆனால் ‘எங்களுக்கு ஏன் நோகுது’ என்று கேட்டால், நோகும். கொழும்பில் கறுப்புக் கண்ணாடிக்கு ஒரு சரித்திரம் இருக்கு. 2008இல் எங்களுக்கு நாலைந்து வயது. அந்த வயதில் வெள்ளை நிற வான் ஒன்று ஒழுங்கைக்குள் மெதுவாக வந்தால் அம்மாமார் கையைப் பிடித்து உள்ளே இழுப்பார்கள். காரணம் சொல்லமாட்டார்கள். பிறகு வளர்ந்து, வாசித்து, விளங்கிக்கொண்டோம். 2008க்கும் 2009க்கும் இடையில் கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் 11 பேர் கடத்தப்பட்டுக் காணாமல் போனார்கள். அவர்களில் கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளும் இருந்தார்கள். அந்த வழக்கில் கடற்படையினர் மீது குற்றஞ்சாட்டப்பட்டது. முன்னாள் கடற்படைத் தளபதி ஒருவருக்கு எதிரான குற்றச்சாட்டுகளை முன்கொண்டு செல்லப்போவதில்லை என்று 2021 ஒக்டோபரில் சட்டமா அதிபர் நீதிமன்றத்துக்குச் சொன்னார். அந்தத் தாய்மார் இன்னும் படங்களைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

இது தமிழாக்களின் ஞாபகம் மட்டுமில்லை. 1987–89 காலத்தில் தெற்கில் இலக்கத்தகடு இல்லாத ஜீப்புகள் வந்து சிங்கள இளைஞர்களை அள்ளிக்கொண்டு போன கதைகளை எங்கட பீடத்துச் சிங்கள நண்பர்களின் தாய்தகப்பன் சொல்லுவார்கள். ஊடகவியலாளர் ரிச்சர்ட் டி சொய்சா 1990 பெப்ரவரி 18ஆம் திகதி வீட்டிலிருந்து கொண்டுபோகப்பட்டார். வாகனத்தின் நிறம் மாறியது. உள்ளே இருக்கிறவனின் முகம் வெளியே தெரியக்கூடாது என்ற விதி மட்டும் மாறவில்லை.

இன்னொன்றை நினைத்துப் பாருங்கோ. 2007 ஜூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழரை விடியப்புறம் எழுப்பி பஸ்களில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பினார்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தச் சொன்னது. ஏன் ஒரு நாளில் நிறுத்த முடிந்தது? முழு நாடும் அதைப் பார்த்தது. பஸ் யன்னலில் முகங்கள் தெரிந்தன. ஆட்களை எண்ண முடிந்தது. வானில் ஏற்றப்பட்டவர்களை ஆர் எண்ணினது? அதே நகரம், அதே காலம். அரசாங்கத்துக்கு இரண்டிலும் பொறுப்பு இருந்தது, ஆனால் ஒன்றுக்குத்தான் ஒரே நாளில் பதில் சொல்ல வேண்டி வந்தது.

ஆகவே டின்ட் கட்டுப்பாடு வேணும் என்கிறோம். ஆனால் இப்ப வீதியில் நடக்கிறது கட்டுப்பாடு இல்லை, கூத்து.

எங்கட குழுவில் ஒருத்தியின் அக்காவுக்கு லூப்பஸ். கொட்டாஞ்சேனையில் இருக்கிறார்கள். வெயில் பட்டால் முகத்தில் சிவப்பு எழும்பும், மூட்டு வீங்கும், சிலவேளை ஆஸ்பத்திரி மட்டும் போகும். டொக்டர் வெயிலைத் தவிர்க்கச் சொல்லிக் கடிதமும் கொடுத்தார். அப்பா ஒரு கடைக்குப் போனார். கடைக்காரர், “ஃபுல் டார்க் போடுங்கோ அங்கிள், வெயில் கிட்டவும் வராது” என்று இருக்கிறதிலேயே கறுப்பான ஸ்டிக்கரை ஒட்டி அனுப்பிவிட்டார். இரண்டாம் மாதம் வீதியில் மறிப்பு. மறித்தவர் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அதுதான் அவருடைய மானி. அக்கா கடிதத்தை நீட்டினார். ஆங்கிலத்தில் இருந்த கடிதத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சிங்களத்தில், “பார்க்க வருத்தக்காரி மாதிரி இல்லையே” என்றார். நடுவீதியில், ஆட்கள் பார்க்க, அப்பா பிளேட்டால் சுரண்டினார். சுரண்டி முடிக்க முதல் முழுக்கக் கறுப்பான பெரிய ஜீப் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. அதை ஒருத்தரும் மறிக்கவில்லை.

இந்தக் கதையில் இரண்டு பொய் இருக்கு. இரண்டையும் உடைக்கவேணும்.

ஒன்று, கறுப்பு என்றால் பாதுகாப்பு என்ற கடைக்காரப் பொய். லூப்பஸ்காரருக்கு எதிரி வெளிச்சமில்லை, புற ஊதாக் கதிர். காரின் முன் கண்ணாடி இரண்டு தட்டுக் கண்ணாடிக்கு நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்துச் செய்யப்பட்டது. அது அந்தக் கதிரின் பெரும்பகுதியைத் தானே தடுத்துவிடும். பக்கக் கண்ணாடி அப்படியில்லை. அது சூடாக்கி இறுக்கிய ஒற்றைக் கண்ணாடி, ஏ வகைப் புற ஊதாக் கதிரில் கணிசமான பங்கை உள்ளே விடும், காருக்குக் கார் வித்தியாசமும் இருக்கும். இதற்கு மருந்து கறுப்பு ஸ்டிக்கர் இல்லை. புற ஊதாக் கதிரை 99 வீதம் மட்டும் தடுக்கிற, ஆனால் கண்ணுக்கு ஏறக்குறையத் தெளிவாகவே தெரிகிற படலங்கள் உலகத்தில் இருக்கு. மலிவான கறுப்பு ஸ்டிக்கர் சிலது வெளிச்சத்தை மறைக்கும், கதிரை உள்ளே விடும். அக்காவின் அப்பா காசும் கொடுத்து, மானமும் கெட்டு, கதிரையும் வாங்கிக்கொண்டு வந்திருக்கக்கூடும். ஆக, ‘வருத்தக்காரருக்காகத்தான் டின்டை விடச் சொல்கிறோம்’ என்று இப்ப சிலர் புதுசாய்க் கிளம்பியிருக்கிறார்களே, அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கட கறுப்புக்கு எங்கட அக்காவைக் குடையாய்ப் பிடிக்காதேங்கோ. வெளிச்சத்தைப் பார்க்கவே கண் கூசுகிற சிலருக்கு உண்மையிலேயே கொஞ்சம் இருட்டு வேணும்தான். அதை அவர்களின் டொக்டர் எழுதட்டும், கடைக்காரர் இல்லை.

மற்றது, சட்டம் எல்லாருக்கும் ஒன்று என்ற பொய். இந்த நாட்டில் தனியார் கார் ஒன்றுக்கு வருசாவருசம் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க இரண்டு விசயம் கேட்பார்கள்: காப்புறுதி, புகைச் சான்றிதழ். புகைக் குழாயில் குழல் விட்டு, கணினியில் இலக்கம் பார்த்து, பாஸ் அல்லது ஃபெயில் என்று தாள் தருவார்கள். அங்கே நிற்கிற அதே வாகனத்தின் கண்ணாடியை அளக்க இன்னுமொரு சின்னக் கருவியும் ஒரு நிமிடமும் போதும். அளக்கிறதில்லை. அந்த வேலை வீதியில் நிற்கிறவரின் உள்ளங்கைக்கும், அவரின் அன்றைய மனநிலைக்கும், உங்கட பெயருக்கும், நீங்கள் பேசுகிற மொழிக்கும் விடப்பட்டிருக்கு. அவருக்கும் ஒரு கருவி கொடுக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேணும்.

வேற இடத்தில் முடியாதா? நியூயோர்க் மாநிலத்தில் 2017 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து வருடாந்த வாகனப் பரிசோதனையிலேயே கண்ணாடியை மானியால் அளக்கிறார்கள். 70 வீத வெளிச்சம் உள்ளே போகவேணும். லூப்பஸ், போர்ஃபிரியா, அல்பினிசம் என்று நோய்ப் பட்டியல் ஒன்று இருக்கு. டொக்டர் படிவம் நிரப்பினால் விலக்கு. நடுவீதியில் வருத்தத்தை நிரூபிக்கத் தேவையில்லை.

சட்டம் மட்டும் போதும் என்று நினைக்கிறவர்கள் இந்தியாவைப் பார்க்கலாம். அங்கே 1989 விதிகளிலேயே முன், பின் கண்ணாடிக்கு 70 வீதம், பக்கத்துக்கு 50 வீதம் என்று இருந்தது. 2012 ஏப்ரல் 27ஆம் திகதி உச்ச நீதிமன்றம் கறுப்புப் படலத்தையே தடைசெய்தது. உயர்பாதுகாப்புப் பெற்ற பெரியாக்களுக்கு மட்டும் விலக்கு. அதே வருடம் டிசம்பர் 16ஆம் திகதி டெல்லியில் அந்தப் பிள்ளைக்கு அந்தக் கொடுமை நடந்த பஸ்ஸுக்குக் கறுப்புக் கண்ணாடியும் இருந்தது, திரையும் இருந்தது. தடை வந்து எட்டு மாதம் ஆகவில்லை. தலைநகரத்து வீதியில்தான் அந்த பஸ் ஓடிக்கொண்டிருந்தது.

எங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான். எத்தனை வீதம் என்று மூன்று மொழியிலும் எழுதி, புகைப் பரிசோதனை நிலையத்தின் சுவரில் ஒட்டுங்கோ. புகையை அளக்கிற இடத்திலேயே கண்ணாடியையும் அளந்து அதே தாளில் எழுதுங்கோ. வருத்தக்காரருக்கு ஒரு படிவம், ஒரு கருமபீடம், காசில்லாமல். அளக்கத் தொடங்குகிற நாள் அமைச்சர்மாரின் வாகனத்திலும் முப்படைகளின் வாகனத்திலும் தொடங்குங்கோ. பாதுகாப்புக்காக விலக்கு வேண்டுமென்றால் அதன் இலக்கத்தகடு பட்டியலில் இருக்கட்டும். ஆருக்கு இருட்டில் போக அனுமதி இருக்கு என்பதை இந்த நகரம் அறிந்துகொள்ளத்தான் வேணும்.

‘எங்கட கண்ணாடி’ என்று கேட்ட நண்பருக்கு: உன்ர கோபம் நியாயம். உன்னை மறித்தவர் ஜீப்பை மறிக்கவில்லை. ஆனால் அதற்குப் பதில் உனக்கும் ஒரு கறுப்பு வேணும் என்று கேட்கிறது இல்லை, மச்சான்.

நாரஹேன்பிட்டியில் உள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு மும்மொழியில் ஒரு கடிதம் தயாரித்துக்கொண்டிருக்கிறோம். அக்காவின் கடிதத்தின் பிரதி முதலாவது இணைப்பு. வெயில் ஆகாத வருத்தத்துக்கு டொக்டரின் கடிதம் வைத்திருக்கிறவர்கள், பெயரை மறைத்துவிட்டு ஒரு போட்டோகொப்பி தாருங்கோ. சிங்களத்தில் நல்லா எழுதத் தெரிந்த இரண்டுபேரும் தேவை.