15 நாள் கெடு காகிதத்தில் மட்டும் போதாது

சம்பாதித்தவர் இறந்துபோன வீட்டில் துக்கத்துக்கு அடுத்தபடியாக வந்து நிற்பது பணம்தான். வாடகை, பள்ளிக் கட்டணம், மருத்துவமனைக்காக வாங்கிய கடன் எதுவும் காத்திருக்காது. அந்த நாட்களுக்காகத்தான் அவர் ஆண்டுக்கணக்கில் பிரீமியம் கட்டினார். இறப்பு கிளெய்மில் விசாரணை தேவையில்லை என்றால் 15 நாளிலும், தேவை என்றால் 45 நாளிலும் தீர்வு காண வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-ல் கெடு விதித்திருக்கிறது. ஆனாலும் குடும்பங்கள் மாதக்கணக்கில் அலைகின்றன.

தாமதம் பெரும்பாலும் ஒவ்வொரு தாளாக வளர்கிறது. முதலில் இறப்புச் சான்றிதழும் அசல் பாலிசிப் பத்திரமும். அடுத்த முறை போனால் மருத்துவமனைக் குறிப்புகள். அப்புறம் வேலை பார்த்த இடத்திலிருந்து ஒரு சான்று. நாமினியாக மனைவியின் பெயர் தெளிவாக இருக்கும்போதே வாரிசுச் சான்றிதழ் வாங்கி வரச் சொல்லித் தாசில்தார் அலுவலகத்துக்கு அனுப்புவதும் நடக்கிறது. தேவையான ஆவணங்களை ஒரே தடவையில் கேட்க வேண்டும், பிரித்துப் பிரித்துக் கேட்கக் கூடாது என்று 2017 விதிமுறைகளே சொல்லிவிட்டன. ஆவணம் முழுமையாகவில்லை என்று சொல்லிக்கொண்டே இருக்க முடியுமானால், எந்தக் கெடுவுக்கும் பொருளில்லை.

மோசடி நடப்பதில்லையா? நடக்கிறது. நோயை மறைத்து பாலிசி எடுப்பவர்களும் உண்டு. அந்த இழப்பு நேர்மையாகப் பணம் கட்டும் மற்றவர்கள் தலையில்தான் விழுகிறது. விசாரிக்கட்டும். அதற்கான காலத்தையும் சட்டமே வரையறுத்திருக்கிறது. 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, 2015 திருத்தத்துக்குப் பிறகு, மூன்று ஆண்டு கடந்த பாலிசியை எந்தக் காரணம் சொல்லியும் கேள்விக்குள்ளாக்கத் தடை விதிக்கிறது. காலாவதியாகிப் புதுப்பித்த பாலிசி என்றால் மூன்றாண்டு புதுப்பித்த நாளிலிருந்து தொடங்கும் என்பதைக் குடும்பங்களும் அறிந்திருக்க வேண்டும்.

ஆணையம் செய்ய வேண்டியது இதுதான். கிளெய்ம் கொடுத்த அன்றே தேதியிட்ட ரசீதும், தேவையான ஆவணங்களின் முழுப் பட்டியலும் எழுத்தில் தரப்பட வேண்டும். மருத்துவமனைக் குறிப்புகளைத் திரட்டும் வேலையை நிறுவனமே ஏற்க வேண்டும். ஆள்பலமும் பணமும் அதனிடம்தான் இருக்கின்றன. தாமதத்துக்கு வங்கி விகிதத்துக்கு மேல் 2 சதவீத வட்டி உண்டு. குடும்பம் கேட்காமலே அது சேர்த்துத் தரப்பட வேண்டும்.

வங்கிகளுக்கும் பொறுப்பு இருக்கிறது. பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டத்தில் ஆண்டுக்கு 436 ரூபாய் கணக்கிலிருந்து தானாகப் போகிறது. இறந்தால் 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். அப்படி ஒரு பாலிசி இருப்பதே பல வீடுகளில் தெரியாது. கணக்கை முடிக்க இறப்புச் சான்றிதழோடு வருபவரிடம் இதைச் சொல்வது வங்கியின் கடமையாக்கப்பட வேண்டும்.

இவையெல்லாம் நடக்கும்வரை குடும்பங்கள் வாய்மொழிப் பதிலோடு திரும்பிவிடக் கூடாது. நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போங்கள். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். 50 லட்சம் ரூபாய் வரை அவர் வழங்கும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும்.